மிசைல் கமாண்ட்: நகரத்தைப் பார்த்துத் தளத்தைக் கோட்டைவிடுகிறவர்கள்

அக்கா பையன் விடுமுறைக்கு வந்திருந்தான், கூடவே அவன் நண்பர்கள் இரண்டு பேர். 2022-ல் வந்த அடாரி 50 என்ற பழைய வீடியோ கேம் தொகுப்பை வாங்கி வைத்திருந்தேன். மற்ற கேம்களையெல்லாம் ஐந்தைந்து நிமிடம் தொட்டுப் பார்த்துவிட்டு மூவரும் மிசைல் கமாண்டில் வந்து உட்கார்ந்தார்கள். நான் காபி டம்ளரோடு பின்னால் நின்றேன். இருபது நிமிடம் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் முடியவில்லை. நான் செய்த அதே தவறுகளை, நான் செய்த அதே வரிசையில் செய்துகொண்டிருந்தார்கள்.

கேமைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1980-ல் அடாரி வெளியிட்ட ஆர்கேட் கேம், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் மிஷின். டேவ் த்யூரர் வடிவமைத்தது. திரையின் அடியில் ஆறு நகரங்கள், மூன்று ஏவுதளங்கள், தளத்துக்குப் பத்துக் குண்டு. மேலிருந்து ஏவுகணைகள் கோடு கிழித்துக்கொண்டு இறங்கும். நீங்கள் வானத்தில் ஒரு இடத்தைக் குறித்துச் சுட்டால் குண்டு அங்கே போய் வெடிக்கும். அந்த வெடிப்பு விரிந்து சுருங்குவதற்குள் எது உள்ளே நுழைந்தாலும் காலி. கோபுரங்களை வைத்து எதிரியைத் தடுக்கும் ‘டவர் டிஃபென்ஸ்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த வகைக்கு அடித்தளம் போட்ட கேம்களில் இதுவும் ஒன்று. ஆனால் இங்கே கோபுரம் தானாகச் சுடாது, நீங்கள்தான் சுட வேண்டும்.

எந்தப் பட்டன் எந்தத் தளம் என்று குழம்புவது, பதற்றத்தில் வெறும் வானத்தைச் சுடுவது எல்லாம் ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே ஒவ்வொரு தலைப்பும் புதியவர்கள் விடாமல் செய்யும் ஒரு தவறு.

குறியை ஏவுகணையின் தலையில் வைப்பது

எல்லோரும் செய்வது. குண்டு போய்ச் சேர நேரம் பிடிக்கும், அதற்குள் ஏவுகணை இறங்கிவிடும். அதன் பாதையில் கொஞ்சம் கீழே வெடிக்க விட்டு, அதுவே வந்து விழும்படி செய்ய வேண்டும். இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, பத்து ஆட்டத்தில் கை பழகிவிடும். பழகாமல் இருப்பது இதன் அடுத்த படி. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று நெருங்கும் இடத்துக்காகக் காத்திருந்து ஒரே குண்டில் இரண்டையும் முடிப்பது. ஆளுக்கொரு குண்டு என்று கணக்கு வைத்தால் முப்பது குண்டு போதவே போதாது.

அப்புறம், சில ஏவுகணைகள் நடுவானத்தில் கிளை பிரியும். ஒன்று மூன்றாகி, நான்காகி இறங்கும். பிரிவதற்கு முன்னால் அடித்தால் ஒரு குண்டோடு போச்சு.

நடுத் தளத்தை முதலில் காலி செய்வது

நடுத் தளத்துக் குண்டு சர்ரென்று போகும். பக்கத் தளங்களின் குண்டு அதில் பாதி வேகம்கூட இல்லை. புதிதாக ஆடுபவருக்கு இது தெரிந்த அடுத்த கணமே கை நடுப் பட்டனிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு அலை, அதாவது ஒரு சுற்றுத் தாக்குதல், பாதி நடக்கும்போது நடுத் தளத்தின் கீழே குண்டு குறைகிறது என்று ‘லோ’ வரும், கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது என்று ‘அவுட்’. கடைசியில் எங்கிருந்தோ ஒரு ஏவுகணை பாய்ந்து வரும்போது கையில் மிச்சம் இருப்பது ஆமைக் குண்டு மட்டும்.

பக்கத் தளங்களை முதலில் செலவழியுங்கள். அலை தொடங்கும்போது எல்லாம் உயரத்தில்தான் இருக்கும், மெதுவான குண்டு போய்ச் சேர நேரம் இருக்கிறது. நடுத் தளம் கடைசி நிமிட அவசரத்துக்கு. மூன்று தளத்துக்கும் ஒரே வேகத்தைக் கொடுத்திருந்தால் இந்த கேமை இன்று யாரும் தொட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பாதிச் சிந்தனை பிறக்கிறது.

தளம் போனால் போகட்டும் என்று விடுவது

இதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்றாவது அலை. அக்கா பையன் கையில் கன்ட்ரோலர். இரண்டு ஏவுகணைகள் இறங்குகின்றன. ஒன்று இடது ஓரத் தளத்தை நோக்கி, இன்னொன்று அதற்குப் பக்கத்து நகரத்தை நோக்கி. இடது தளத்தில் பத்துக் குண்டும் அப்படியே இருக்கிறது. பையன் குறியை நகரத்தின் மேல் கொண்டுபோய் ஒன்றுக்கு மூன்றாகக் குண்டு விட்டான். நகரம் தப்பியது. தளம் வெடித்தது. “டேய், தளம் போச்சேடா” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: “விடு மாமா, அடுத்த லெவல்ல திரும்ப வந்துடும்ல.”

வரும்தான். அதுதான் வலை. நகரம் அழிந்தால் அழிந்ததுதான், தளம் அடுத்த அலையில் பத்துக் குண்டோடு புதிதாக முளைத்துவிடும். ஆகவே நகரம் பொன், தளம் மண் என்று மனசு தானாக முடிவு செய்துகொள்கிறது. ஆனால் அந்த அலை இன்னும் முடியவில்லையே. பத்துக் குண்டு என்பது கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒரு நகரத்தைக் காப்பாற்றினான். அடுத்த அரை நிமிடத்தில் இடது பக்கத்தில் சுட ஆளில்லாமல் அந்த நகரமும் போனது, அதற்கு அடுத்ததும் போனது. வலது தளத்திலிருந்து அவன் விட்ட குண்டு திரையின் முழு அகலத்தையும் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் அங்கே புகைதான் இருந்தது.

எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் அவன் இல்லை. நான் இதையே பல மாதம் செய்தவன். வேலை நிமித்தம் கலிஃபோர்னியாவில் இருந்தபோது, ஊருக்கு வெளியே பழைய கேபினெட்டுகளைப் பராமரித்து வைத்திருந்த ஒரு இடத்துக்குச் சனிக்கிழமைதோறும் போவேன். அசல் மிசைல் கமாண்ட் மிஷின் ஒன்று அங்கே இருந்தது. போகிற ஒவ்வொரு தடவையும் ஏழாவது, எட்டாவது அலையில் செத்துவிடுவேன். என் கை மெதுவோ, கண் மெதுவோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான் நகரங்களைக் காப்பாற்ற ஆடுகிறேன், அவர் குண்டுகளைக் காப்பாற்ற ஆடுகிறார், வித்தியாசம் அவ்வளவுதான் என்றார். பிறகு ஆடிக் காட்டினார். இரண்டாவது அலையிலேயே ஒரு நகரத்தை வேண்டுமென்றே விட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அவர் சொன்னதில் இன்னொரு விஷயம் இருந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு கேமே வேறாகிவிட்டது. ஆர்கேட் பதிப்பில் ஒரு அலையில் மூன்று நகரங்களுக்கு மேல் அழியாது. ஆறு நகரத்தோடு ஒரு அலையைத் தொடங்கினால், நீங்கள் எவ்வளவு கேவலமாக ஆடினாலும் மூன்று மிஞ்சும். தளங்களுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் கிடையாது. மூன்றும் போகலாம், அலை தொடங்கிய வேகத்திலேயே போகலாம்.

அதோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் 10,000 புள்ளிக்கு ஒரு நகரம் இலவசம். ஒரு ஏவுகணைக்கு 25 புள்ளி. இரண்டு அலைக்கு ஒருமுறை புள்ளி ஒரு மடங்கு கூடும், 11-வது அலையிலிருந்து எல்லாம் ஆறு மடங்கு. அதாவது முதல் இரண்டு அலைகளின் விலையில் ஒரு நகரம் சம்பாதிக்க 400 ஏவுகணை வீழ்த்த வேண்டும், 11-க்கு அப்புறம் 67 போதும். நகரங்கள் திரும்பக் கிடைக்கும், அதுவும் பின்னால் போகப் போக மலிவாகக் கிடைக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குக் கையில் குண்டு வேண்டும், குண்டு இருக்க தளம் வேண்டும்.

தளத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘அவுட்’ என்று காட்டும் தளத்தை நோக்கி ஒரு ஏவுகணை வந்தால் விட்டுவிடுங்கள். காலிப் பானை, உடைந்தால் என்ன. எதிரி தன் ஏவுகணை ஒன்றை உங்களுக்காக வீணாக்குகிறான், அவ்வளவுதான். குண்டு நிறைந்த தளத்துக்கு அடி விழப்போகிறது, தடுக்கவும் முடியாது என்றால், விழுவதற்குள் அந்தத் தளத்துக் குண்டுகளை மளமளவென்று வானத்தில் விதைத்துவிடுங்கள். வெடிப்பது எப்படியும் வெடிக்கும், மேலே போய் வெடித்தால் நாலு ஏவுகணையாவது சாகும். கிளம்பிப் போய்விட்ட குண்டைத் தளம் அழிந்தாலும் யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. இந்த ஒரு பழக்கம்தான் என்னை எட்டாவது அலையிலிருந்து பதின்மூன்றுக்குக் கொண்டுபோனது.

த்யூரர் இதை வேண்டுமென்றுதான் செய்தார் என்று தோன்றுகிறது. தளங்களுக்குக் குண்டு கொண்டுவர ரயில் பாதை, அதுபோக நீர்மூழ்கி என்றெல்லாம் முதலில் யோசித்துவிட்டு, குழப்பம் என்று தூக்கிப் போட்டவர் அவர். நாம் யாரையும் தாக்கக் கூடாது, தற்காப்பு மட்டும்தான் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஆறு நகரங்களுக்கும் கலிஃபோர்னியக் கடற்கரை ஊர்களை மனதில் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அவருக்கே அணுகுண்டு விழுவதுபோல் கெட்ட கனவுகள் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். நகரத்தின் மேல் உங்களுக்கு ஒரு பாசம் வர வேண்டும், அந்தப் பாசமே உங்களைக் கவிழ்க்க வேண்டும். கேமின் பெரிய பலம் இதுதான். புதியவர்களை விரட்டியடிப்பதும் இதுதான், ஏனென்றால் இந்த விதி எதையும் திரை சொல்லித் தராது. நான் அந்தப் பெரியவரைச் சந்திக்காமல் இருந்திருந்தால் இன்னும் எட்டிலேயே நின்றிருப்பேன்.

குண்டை மிச்சம் பிடிப்பது

அலை முடிவில் மிஞ்சிய குண்டுக்கு 5 புள்ளி, தப்பிய நகரத்துக்கு 100. சுடுங்கள்.

விமானத்தைத் துரத்துவது

நடுநடுவே வானத்தின் குறுக்கே எதிரி விமானம் ஒன்று பறக்கும். எட்டும் தூரத்தில் வந்தால் அடியுங்கள். இல்லையென்றால் போகட்டும்.

புத்திசாலிக் குண்டுக்கு வலை வீசுவது

சில அலைகள் போனதும் கோடு இல்லாமல் மினுக்கிக்கொண்டு எதிரியின் குண்டு ஒன்று இறங்கும். வெடிப்பின் ஓரத்தைக் கண்டால் விலகிப் போகும். புதியவர்கள் அதைச் சுற்றி நாலு குண்டு போட்டு மடக்கப் பார்ப்பார்கள், அது நாலையும் சுற்றிக்கொண்டு வந்து தலையில் விழும். ஓரத்தில் அடித்தால் அதற்குத் தப்பிக்க வழி காட்டியதுபோல ஆகிவிடும். அதன் மேலேயே, நட்டநடுவில், ஒரே குண்டு. நடுத் தளத்தில் வேகக் குண்டை மிச்சம் வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். 125 புள்ளி தருவார்கள்.

கட்டைவிரலை வைத்து கேமுக்குத் தீர்ப்பு சொல்வது

“கன்ட்ரோல் மொக்கை” என்றான் நண்பர்களில் ஒருவன். பாதி உண்மை. அசல் மிஷினில் இருப்பது டிராக்பால். உள்ளங்கையால் உருட்டிவிட்டால் குறி திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரே தள்ளில் போகும், இன்னொரு தட்டில் நிற்கும். இடது கை மூன்று பட்டனில், வலது கை உருண்டையில். ஒரு மணி நேரம் ஆடினால் உள்ளங்கை சிவந்து எரியும். கன்ட்ரோலரின் குச்சியில் அந்த வீச்சு வராது. குச்சியை எவ்வளவு சாய்த்தாலும் குறி தன் வேகத்தில்தான் நகரும், பத்தாவது அலைக்கு மேல் அது தாங்காது. ஆகவே வீட்டில் ஆடுகிறவர்கள் குறியைத் திரையின் ஓரத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது. ஒவ்வொரு சுடுதலுக்கும் பிறகு நடுவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இடது கைக்காரர்களுக்கு அசல் மிஷின் அநியாயம் செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு பையன் அதே தொகுப்பில் இருந்த அடாரி 2600 பதிப்பை ஆடிவிட்டு, இதில் என்ன தந்திரம் இருக்கிறது என்றான். ராப் ஃபுலோப் 1981-ல் வீட்டு கன்சோலுக்காகச் செய்தது அது. கையேட்டில் ஸார்டான் என்ற கிரகம், அதைத் தாக்க வரும் கிரைட்டால்காரர்கள் என்று பழைய விண்வெளிக் கதை வாசனை தூக்கலாக இருக்கும். ஆர்கேடில் அந்தக் கதையெல்லாம் இல்லை, பனிப்போர்ப் பயம் மட்டும்தான். கன்சோலில் ஒரே ஒரு பட்டன் என்பதால் மூன்று தளத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அந்த ஜாய்ஸ்டிக்கையும் அந்தக் காலத்து வசதியையும் வைத்துப் பார்த்தால் அருமையான வேலை, லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் நான் இத்தனை பத்தி புலம்பிய தள விவகாரம் முழுக்க அதில் காணாமல் போய்விட்டது. அதை ஆடிப் பார்த்துவிட்டு ஆர்கேட் மிசைல் கமாண்டைப் பற்றிப் பேசாதீர்கள். (அந்தப் பதிப்பில் உள்ள ஆட்ட வகைகளில் 13-வதைத் தேர்ந்தெடுத்து ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றால் வலது ஓர நகரம் ‘ஆர் எஃப்’ என்று ஃபுலோப்பின் முதலெழுத்தாக மாறும். பையன்கள் அன்று முழுமனதோடு செய்தது இந்த ஒன்றைத்தான்.)

நிறம் பற்றிய புகாருக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு அலைக்கு ஒருமுறை வானமும் தரையும் நிறம் மாறும். சில நிறச் சேர்க்கைகளில் கண் வலிக்கும், மினுக்கிக்கொண்டு வருவது தெரியவே தெரியாது. 1980-ல் நிறமே அதிசயமாக இருந்திருக்கலாம். எனக்கு இன்றும் அது எரிச்சல்தான்.

ஜெயிக்கப் பார்ப்பது

முடியாது. கடைசி நகரமும் போனதும் திரை முழுக்க வெடித்து, நடுவில் ‘தி எண்ட்’ என்று வரும்.

ஊருக்குப் போன மூன்றாம் வாரம் அக்கா பையன் ஒரு போட்டோ அனுப்பினான். டிவித் திரையைச் சாய்வாகப் பிடித்தது, ஜன்னல் வெளிச்சம் பாதியை மறைத்திருந்தது. ஒன்பதாவது அலை. இரண்டே நகரம். பக்கத் தளம் இரண்டிலும் ‘அவுட்’, நடுவில் நாலு குண்டு மிச்சம். கீழே, “மாமா, இப்ப என்ன பண்ணட்டும்?” என்று கேட்டிருந்தான். ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கும் பாஸ் பட்டன் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான் போல. அசல் மிஷினில் அது கிடையாது.