கண்மாய்க்கரையில் கோடை மாலைப் பதிவு

மே மாதத்தில் வலசைப் பறவைகள் பெரும்பாலும் வடக்கே திரும்பிவிடுவதால், கண்மாயில் பார்க்க ஒன்றுமில்லை என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஊர்ப் பறவைகளின் போக்கைப் பதிவு செய்வதற்கு இது நல்ல பருவம். மாலை ஐந்தரை மணியளவில் மேற்குக் கரையில் கிழக்கு நோக்கி நின்றால் வெயில் பறவையின் மேல் விழும். எதிர்க்கரையில் நின்றால் எல்லாக் கொக்கும் கறுப்பாகத்தான் தெரியும்.

குறிப்பேட்டில் நாள், இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றைத் தவறாமல் எழுத வேண்டும். பறவையின் பெயரோடு எண்ணிக்கையும் வேண்டும். அடையத் திரும்பும் கொக்குக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணினால் போதும். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும், காக்கை மைனா உட்பட, எழுதினால்தான் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையத் தளத்தில் அதை முழுப் பட்டியலாகக் குறிக்க முடியும். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவையைப் பற்றியும் ஆய்வாளரால் ஏதேனும் சொல்ல முடியும்.

எண்ணிக்கையைவிடச் சுவையானது நடத்தை. மடையான் என்னும் சிறு கொக்கின் முதுகு செம்பழுப்பாக மாறியிருப்பதும், காக்கை குயில் குஞ்சுக்கு இரை ஊட்டுவதும் இனப்பெருக்கத்துக்கான சான்றுகள். ஆள்காட்டி, வயிற்றுச் சிறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளின் மேல் அமர்ந்து சூட்டைத் தணிக்கும். அது தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்று பொருள். படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே பின்வாங்கி, அதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இருட்டிய பின் காதுதான் துணை. பனைப் பொந்திலிருந்து வெளிவரும் புள்ளி ஆந்தையையும், தரையில் அமர்ந்திருக்கும் பக்கி என்னும் இரவுப் பறவையையும் குரலால்தான் எளிதில் அறிய முடியும். கைப்பேசியின் முதுகு காற்றுப் பக்கம் இருக்குமாறு அசையாமல் பிடித்து அரை நிமிடமாவது பதிவு செய்து, இறுதியில் இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லிவிட வேண்டும். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பு வடிவில் சேமிப்பது நல்லது. குரலைக் கேட்டுப் பறவையை இனங்காணும் மெர்லின் செயலி சொல்லும் பெயரைத் துப்பாகக் கொள்ளலாமே தவிர, முடிவாகக் கொள்ளக் கூடாது. பறவையை வரவழைக்க அதன் குரலை ஒலிக்கவிடுவதும் தகாது.

கீரி, முயல் போன்றவற்றின் கால்தடங்களை அளவுகோல் வைத்துப் படமெடுத்து எல்லா உயிரினப் பதிவுகளையும் ஏற்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றலாம். பாம்பு நடமாடும் நேரமாதலால் காலணியும் டார்ச்சும் அவசியம். பட்டியலை அன்றிரவே ஏற்றிவிடலாம். ஆந்தை குடியிருக்கும் மரம் எதுவென்று மட்டும் அதில் எழுத வேண்டாம்.