பள்ளி சுயமதிப்பீடு: எல்லாவற்றுக்கும் 3 போடும் பழக்கம்

பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும் தேசிய முறையான ஷாலா சித்தியின் விவரங்களை இணையதளத்தில் ஏற்றக் கடைசித் தேதி நெருங்கினால் பல பள்ளிகளில் ஒரே காட்சிதான். கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவரை உட்காரவைத்து, "போன வருஷம் போட்டதைப் பார்த்துப் போட்டுடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். 2015இல் வந்த இந்த முறையில் 7 களங்கள், 46 தரநிலைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பள்ளி 1, 2, 3இல் (3தான் உயர்ந்தது) எந்த நிலையில் நிற்கிறது என்று ஆசிரியர்கள் கூடிப் பேச வேண்டும். ஒருவரே நிரப்பினால் அந்தப் பேச்சு நடக்கவே போவதில்லை.

இதைவிடப் பெரிய தவறு, 'இருக்கிறது' என்பதை 'பயன்படுகிறது' என்று எடுத்துக்கொள்வது. வசதிகள் பற்றிய முதல் களம் இரண்டு கேள்விகள் கேட்கிறது: போதுமான அளவு இருக்கிறதா, பயன்படும் தரத்தில் இருக்கிறதா? நாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். நான்கு கழிப்பறைகள் இருக்கும். இரண்டு பூட்டியிருக்கும், ஒன்றில் தண்ணீர் வராது. நூலகப் புத்தகங்கள் பீரோவில், பீரோ சாவி தலைமையாசிரியர் மேசையில். இடைவேளையில் பத்து நிமிடம் கழிப்பறைப் பக்கம் போய் நின்று பாருங்கள். மாணவிகளிடம் ஓர் ஆசிரியை தனியாகக் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

குறைத்துப் போட்டால் மேலிடத்தில் கேள்வி வரும் என்ற பயம் புரிகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் 3 போட்ட பள்ளி, அப்புறம் எந்த முகத்தோடு கட்டட நிதி கேட்கும்?

மாணவர் முன்னேற்றம் என்றதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டை எழுதி முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. ஆறாம் வகுப்பில் யாருக்கு வாசிக்க வரவில்லை என்பது அதில் தெரியாது. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஒவ்வொருவரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு பாடவேளை போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் அவர்கள் வேலைதான். தீர்மான நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவது கூட்டம் ஆகாது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வையுங்கள்.

கடைசியாக, மேம்பாட்டுத் திட்டத்தில் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதாதீர்கள். குழாயை யார் பார்ப்பது, எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அதே தாளை எடுத்து மேசையில் வையுங்கள்.