தாங்காவின் சரிவை வகுப்பில் நடத்துவது எப்படி?

கோத்தகிரியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். ஒரு வட்டாரம் எப்படிச் செழித்து எப்படி நொடிகிறது என்று நடத்த, தான்சானியாவின் வடகிழக்குக் கரையில் உள்ள தாங்காவைத்தான் எடுத்துக்கொள்கிறேன். பச்சைத் தேயிலை விலை ஏறி இறங்குவதை வீட்டில் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, ஒற்றைப் பயிரை நம்பிய ஊரின் கதை சட்டென்று பிடிபடும்.

முதலில் செடி. சமவெளியில் வேலியோரம் நிற்கும் ரயில் கற்றாழையின் இனம்தான் தாங்கா நம்பியிருந்த நார்ப்பயிரான சீசல். ஒரு மடலை நசுக்கிச் சுரண்டி நாரைக் காட்டுங்கள். சாறு பட்டால் அரிக்கும், நீங்களே செய்யுங்கள். மடலின் எடையில் நார் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே. அதனால்தான் தோட்டத்துக்குள்ளேயே ஆலை வேண்டியிருந்தது, பெருமுதலும் தேவைப்பட்டது.

அடுத்து எழுச்சி. 1893இல் ரிச்சர்ட் ஹின்டார்ஃப் என்ற ஜெர்மானியர் ஃபுளோரிடாவிலிருந்து தருவித்த கன்றுகளில் பிழைத்தவை 62. 1964இல் நாட்டின் உற்பத்தி சுமார் 2,30,000 டன். வேலைக்கு வந்தவர்கள் மேற்கே கிகோமாவிலிருந்தும் தெற்கே மொசாம்பிக்கிலிருந்தும் வந்தார்கள். இங்கே அவசரப்படாதீர்கள். என் வகுப்பில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். "வேலை போனபின் அவர்கள் எங்கே போனார்கள், சார்?" என்ற கேள்வி அவர்களிடமிருந்துதான் முதலில் வரும்.

சரிவுக்கு வரும்போது, "1967இல் அரசுடைமை ஆக்கினார்கள், கெட்டது" என்று முடித்துவிடாதீர்கள். ஆண்டுகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதுங்கள். 1964இன் உச்சத்துக்குப் பிறகே விலை இறங்கத் தொடங்கிவிட்டது. வைக்கோல் கட்டும் சீசல் கயிற்றின் இடத்தைப் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தது. நாடு சோஷலிசப் பாதையில் போகும் என்று அறிவித்த அரூஷா பிரகடனமும் தோட்டங்களை அரசு எடுத்ததும் 1967இல்தான். அதன் பிறகு வந்த கேடு மறுநடவு நின்றது. தேயிலைச் செடி நூறாண்டு நிற்கும்; சீசலோ பத்தாண்டு வாக்கில் பூத்தண்டு விட்டுச் செத்துப்போகும். நடாமல் விட்ட பிழை உடனே தெரியாது, சில ஆண்டுகள் கழித்தே விளைச்சலில் தெரியும். மலைப் பிள்ளைகளுக்கு இது எளிதில் தோன்றாது, அழுத்திச் சொல்லுங்கள். 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி 20,000 டன் அளவுக்கு வந்துவிட்டது.

கடைசியாக இரண்டு அணி பிரித்து வாதாட விடுங்கள்: விலை விழாமல் இருந்திருந்தால் அரசுத் தோட்டங்கள் பிழைத்திருக்குமா? தீர்ப்பு சொல்லாதீர்கள். விடைத்தாளில் ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் ஆண்டு இருக்க வேண்டும். ஆண்டு இல்லாத காரணத்துக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.