கம்பம் யாருடையது? அமெரிக்க நகரங்களில் ஃபைபர் இழுக்கும் முன் பார்க்க வேண்டிய சட்டக் கணக்கு

அமெரிக்காவில் புதிதாக ஃபைபர், அதாவது இணையத்துக்கான கண்ணாடி இழைக் கேபிள், இழுக்கும் நிறுவனம் பெரும்பாலும் தனக்கென்று கம்பம் நடுவதில்லை. மின் நிறுவனமோ பழைய தொலைபேசி நிறுவனமோ நட்டு வைத்த கம்பத்தில்தான் ஏறுகிறது. அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று கேபிள்கள் தொங்கும். அவற்றை மேலோ கீழோ நகர்த்தி இடம் உண்டாக்கும் வேலைக்குத் தொழிலில் ‘மேக் ரெடி’ என்று பெயர். வழக்குகள் எல்லாம் கிளம்புவது இந்த இடத்தில்தான்: என் கேபிளை யார் தொடுவது, எத்தனை நாளில், யார் செலவில்?

பழைய முறையில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கேபிளைத் தானே வந்து நகர்த்தும். மேலே இடம் வேண்டுமென்றால் கீழே இருப்பவர் முதலில் இறங்க வேண்டும், பிறகு அதற்கு மேலுள்ளவர். ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு தேதி. நடுவில் ஒருவர் தாமதித்தால் எல்லோருக்கும் தாமதம். தாமதிப்பவர் புதியவருக்குப் போட்டியாளராகவும் இருப்பார் என்பதை மறந்துவிட வேண்டாம். இதற்கு மாற்றாக வந்ததுதான் ‘ஒன் டச் மேக் ரெடி’. அனுமதி பெற்ற ஒரே ஒப்பந்தக் குழு ஒரே முறை ஏறி, எல்லோருடைய கேபிளையும் நகர்த்தி, புதியதையும் கட்டிவிட்டு இறங்கும்.

கூகுளின் இணையச் சேவையான கூகுள் ஃபைபர் வரவிருந்த இரண்டு நகரங்கள் 2016இல் இதைச் சட்டமாக்கின. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பிப்ரவரியில், டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் செப்டம்பரில். இரண்டின் மீதும் பழைய தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி உடனே வழக்குத் தொடுத்தது. நோக்கம் ஒன்று, விதிகளும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் 2017 ஆகஸ்டில் லூயிவில் வென்றது, நவம்பரில் நாஷ்வில் தோற்றது. விதி நல்லதா கெட்டதா என்பதை வைத்து இந்த முடிவுகள் வரவில்லை. கம்பம் யாருடையது, எந்த மாநிலம், அந்த நகரமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற மூன்று கேள்விகளே தீர்மானித்தன. சென்னையில் உட்கார்ந்து அமெரிக்கத் தெருக்களுக்கு ஃபைபர் வரைபடம் போடுபவரானாலும் சரி, அங்கேயே களத்தில் இருப்பவரானாலும் சரி, சோதிக்க வேண்டிய வரிசையும் அதுதான்.

முதலில் கம்பத்தின் உரிமையாளர்

கம்பத்தில் அடித்திருக்கும் தகட்டைப் படம் எடுங்கள். உரிமையாளரின் பெயர்க் குறியும் எண்ணும் அதில் இருக்கும். இரண்டு தகடுகள் இருந்தால் மின் நிறுவனமும் தொலைபேசி நிறுவனமும் கூட்டாகப் பயன்படுத்தும் கம்பமாக இருக்கலாம். அப்போது விண்ணப்பம் யாருக்குப் போக வேண்டும் என்பதை அவர்களுக்கு இடையிலான கூட்டு ஒப்பந்தம்தான் சொல்லும். தகட்டை மட்டும் நம்பி முந்நூறு கம்பங்களுக்கு விண்ணப்பம் அனுப்பி, பாதி தவறான முகவரிக்குப் போனது பிறகு தெரிவது சாதாரணமாக நடப்பது. உரிமையாளரிடம் கம்பப் பட்டியலைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உரிமையாளரின் வகை ஏன் முக்கியம்? தகவல் தொடர்புச் சட்டத்தின் 224ஆம் பிரிவு 1978இல் வந்தது. 1996 திருத்தம், பாகுபாடின்றி இடம் தர வேண்டும் என்ற கடமையை அதில் சேர்த்தது. இடமில்லை, பாதுகாப்பு, நம்பகத்தன்மை, பொதுவான பொறியியல் காரணம் ஆகியவற்றைக் காட்டி மட்டுமே மின் நிறுவனம் மறுக்கலாம். ஆனால் கூட்டுறவு மின் சங்கங்கள், ரயில் நிறுவனங்கள், நகராட்சி உட்பட அரசுக்குச் சொந்தமான அமைப்புகள் ஆகியவற்றின் கம்பங்கள் இந்தப் பிரிவுக்குள் வருவதில்லை. கூட்டுறவுக் கம்பத்துக்கு எஃப்.சி.சி. (அமெரிக்க மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம்) விதியைக் காட்டி நோட்டீஸ் அனுப்பினால் பதில்கூட வராது. அங்கே மாநிலச் சட்டம், அதுவும் இல்லையென்றால் பேரம்.

பிறகு மாநிலம்

224ஆம் பிரிவே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ‘கம்ப விவகாரத்தை நாங்களே ஒழுங்குபடுத்துகிறோம்’ என்று ஒரு மாநிலம் எஃப்.சி.சி.க்குச் சான்று கொடுத்துவிட்டால், அங்கே எஃப்.சி.சி. விதிகள் விலகிக்கொள்ளும். இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அப்படிச் சான்று கொடுத்திருக்கின்றன. பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பென்சில்வேனியா, ஃப்ளோரிடா போன்றவை அண்மைக் காலத்தில்தான் சேர்ந்தன. ஆகவே எஃப்.சி.சி. கடைசியாக வெளியிட்ட பொது அறிவிப்பைப் பாருங்கள். பழைய பயிற்சிக் குறிப்பை நம்ப வேண்டாம்.

கென்டக்கி சான்று கொடுத்த மாநிலம். அதனால் லூயிவில் வழக்கில் ‘மத்திய விதியோடு மோதுகிறது’ என்ற வாதம் நிற்கவில்லை, மோதுவதற்கு அங்கே மத்திய விதியே இல்லை. எஃப்.சி.சி.யும் 2016 அக்டோபரில் நீதிமன்றத்தில் அதைத்தான் எழுதிக் கொடுத்தது. டென்னஸி சான்று கொடுக்காத மாநிலம். அங்கே தனியார் கம்பங்களுக்கு எஃப்.சி.சி. வகுத்த அறிவிப்புக் காலமும் நடைமுறையும் இருக்க, நகரமன்றம் வேறொன்றை எழுதியது. அந்தக் கம்பங்களைப் பொறுத்தவரை மத்திய விதியே மேலோங்கும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நகரமன்றத்துக்கு அதிகாரம் உண்டா?

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. நாஷ்வில் சறுக்கியது இங்கும்தான். அந்த நகரத்தின் கம்பங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் நாஷ்வில் எலக்ட்ரிக் சர்வீஸ் எனும் நகராட்சி மின் அமைப்புக்குச் சொந்தம். அரசுக் கம்பங்கள் என்பதால் எஃப்.சி.சி. விதி அங்கே குறுக்கே நிற்காது. அப்படியானால் நகரம் அங்காவது வென்றிருக்க வேண்டுமே? இல்லை. அந்த மின் அமைப்பை நிர்வகிக்கும் தனி அதிகாரத்தை நகர சாசனமே ஒரு மின் வாரியத்துக்குக் கொடுத்திருந்தது. வாரியத்தின் கம்பத்துக்கு விதி எழுத நகரமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பாயிற்று. சொந்த ஊர்ச் சாசனத்தையே சரியாகப் படிக்காமல் இயற்றிய சட்டம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அதே விதியை வாரியத்தின் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவந்திருந்தால் அந்தக் கம்பங்களுக்காவது வாதாட இடம் இருந்திருக்கும்.

லூயிவிலில் எதிர்த்தரப்பின் வாதம் வேறு. மின்சாரம், தொலைபேசி போன்ற பயன்பாட்டு நிறுவனங்களின் கட்டணமும் சேவையும் மாநில ஆணையத்தின் தனி அதிகாரத்தில் இருப்பதால் நகரம் தலையிட முடியாது என்றார்கள். நீதிபதி டேவிட் ஹேல் ஏற்கவில்லை. பொதுச் சாலையோரத்தை யார், எப்போது, எத்தனை முறை மறித்து வேலை செய்யலாம் என்பதை நகரம் ஒழுங்குபடுத்தலாம், இந்த விதி அந்த வகையில் அடங்கும் என்றார். நகர விதி ஒன்று கைக்கு வந்தால் அதன் முகவுரையைப் படியுங்கள். போக்குவரத்து, சாலைப் பாதுகாப்பு, சாலையோர மேலாண்மை என்று எழுதியிருந்தால் அதற்குக் கால் உண்டு. போட்டியை வளர்ப்பது, கம்ப வாடகை என்று இறங்கியிருந்தால் பலவீனம்.

வழக்கில் வென்றாலும் ஃபைபர் வந்துவிடாது என்பதற்கும் லூயிவிலே சான்று. கூகுள் ஃபைபர் அங்கே சாலையில் மிக ஆழம் குறைந்த பள்ளம் வெட்டிக் கேபிளைப் பதித்தது. அடைப்புப் பெயர்ந்து கேபிள் வெளியே வந்தது. 2019 ஏப்ரலில் சேவையை மூடிவிட்டு, சாலைகளைச் சீர்செய்ய நகரத்துக்கு 38.4 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

2018க்குப் பிறகு: நாள் கணக்கு

எஃப்.சி.சி. 2018 ஆகஸ்டில் ஒன் டச் முறையைத் தன் விதியாகவே ஆக்கிக்கொண்டது. 2019 மே 20இல் அது நடைமுறைக்கு வந்தது. மின் நிறுவனங்கள் எதிர்த்துச் சென்றபோது, 2020 ஆகஸ்டில் ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கென்டக்கி ஆணையமும் 2022இல் தனக்கென்று கம்ப விதி வகுத்துக்கொண்டது. எனவே சான்று கொடுக்காத மாநிலத்தில், தனியார் கம்பத்தில், நகர விதியை நம்பித் திட்டம் போட இன்று தேவையே இல்லை. மத்திய விதியின் நாட்களை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அளவாய்வுக்குப் போகும் முன் கம்ப உரிமையாளருக்கும் ஏற்கெனவே கேபிள் வைத்திருப்பவர்களுக்கும் குறைந்தது 3 வேலை நாட்கள் முன்பே தெரிவிக்க முயல வேண்டும். அவர்கள் கூட வரலாம். விண்ணப்பம் முழுமையானதா என்று சொல்ல உரிமையாளருக்கு 10 வேலை நாட்கள். முழுமையான விண்ணப்பத்தின் மீது முடிவு சொல்ல 15 நாட்கள், பெரிய தொகுதியானால் 30. ஒரு மாநிலத்தில் அந்த நிறுவனத்துக்குள்ள கம்பங்களில் 0.5 சதவீதம் அல்லது 300 கம்பங்கள், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால் பெரிய தொகுதி. சிறிய மின் நிறுவனத்தில் இந்த எல்லை 300க்கு வெகு கீழே நிற்கும், அதைக் கவனிக்காமல் நாளைத் தவறாகக் குறிப்பவர்கள் உண்டு.

ஒப்புதல் வந்ததும், வேலை தொடங்குவதற்கு 15 நாட்கள் முன்பு பழைய கேபிள்காரர்களுக்கு எழுத்தில் அறிவிப்பு. வேலை முடிந்த 15 நாட்களுக்குள் மறுபடி அறிவிப்பு. அவர்கள் வந்து சோதித்துப் பார்க்க 90 நாட்கள். சேதம் இருந்தால் சோதனை முடிந்த 14 நாட்களுக்குள் சொல்ல வேண்டும், செலவு உங்களுடையது. வேலையின்போது சேவை அறுந்தால் இந்த நாள் கணக்கு எதுவும் பொருந்தாது, அந்த நிமிடமே சொல்லியாக வேண்டும்.

இவை அனைத்தும் ‘எளிய’ வேலைக்கு மட்டும். தகவல் தொடர்புக்கு ஒதுக்கிய பகுதிக்குள், யாருடைய கேபிளையும் வெட்டி இணைக்காமல், சேவை அறுபடும் வாய்ப்பும் இல்லாமல் நகர்த்த முடிந்தால் அது எளிய வேலை. வெட்டி இணைக்க வேண்டியிருந்தாலோ, வயர்லெஸ் கருவியை நகர்த்த வேண்டியிருந்தாலோ அது ‘சிக்கலான’ வேலை. கம்பத்தையே மாற்றுவதும் பொதுவாக அதில்தான் சேரும். அதற்கு ஒன் டச் கிடையாது, பழைய வரிசைதான். உரிமையாளரும் பழைய கேபிள்காரரும் ‘இது எளிய வேலையல்ல’ என்று எழுத்தில், காரணத்தோடு ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை குறிப்பாகவும் நேர்மையாகவும் இருந்தால் அதுவே இறுதி. ஆகவே எளிய கம்பங்களையும் சிக்கலான கம்பங்களையும் ஒரே விண்ணப்பத்தில் கலக்காதீர்கள். பிரித்து அனுப்பினால் ஒரு பகுதியாவது நகரும்.

கம்பத்தின் மேல்

எளியதா இல்லையா என்பதை முடிவு செய்வது அளவுகோல்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். 40 அடிக் கம்பத்தில் நீளத்தின் பத்தில் ஒரு பங்கும் கூடுதலாக 2 அடியும், அதாவது 6 அடி, மண்ணுக்குள் போகும். மேலே 34 அடி. மின்சாரத்தின் நியூட்ரல் கம்பி 25 அடியில் இருக்கிறது என்று வையுங்கள். தேசிய மின் பாதுகாப்பு விதிப்படி அதற்கும் மேல்மட்டத் தகவல் தொடர்புக் கேபிளுக்கும் இடையே கம்பத்தில் 40 அங்குலம் வேண்டும். ஆக உச்ச இடம் 21 அடி 8 அங்குலம். அங்கே ஏற்கெனவே டிவி கேபிளும், அதற்கு 12 அங்குலம் கீழே தொலைபேசிக் கேபிளும் இருக்கின்றன. நீங்கள் உச்சியைக் கேட்டால் டிவி 20 அடி 8 அங்குலத்துக்கும், தொலைபேசி 19 அடி 8 அங்குலத்துக்கும் இறங்க வேண்டும்.

கம்பத்தில் இது சரியாகவே தெரியும். தவறு நடப்பது இரண்டு கம்பங்களுக்கு நடுவில். லாரி போகும் சாலைக்கு மேலே அதே பாதுகாப்பு விதி 15.5 அடி கேட்கிறது, சில மாநிலங்கள் கூடுதலாகக் கேட்கும். தொலைபேசிக் கேபிளின் தொய்வு 3 அடி என்றால் 16 அடி 8 அங்குலம், பிழைத்தோம். நாலரை அடி என்றால் 15 அடி 2 அங்குலம்தான், கம்பத்தையே மாற்ற வேண்டும். 45 அடிக் கம்பம் போட்டால் தரைக்கு மேலே நாலரை அடி கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் ஒன் டச் கைவிட்டுப் போகும். எனவே கம்பத்து உயரத்தை மட்டும் அளந்துவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு இடைவெளியின் தாழ்ந்த புள்ளியையும், அளந்த நாளின் வெப்பநிலையையும் சேர்த்துக் குறியுங்கள். வெயிலில் கேபிள் தொய்யும்.

ஒப்பந்தக் குழுவைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. உரிமையாளரிடம் அங்கீகரித்த குழுக்களின் பட்டியல் இருந்தால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். எளிய வேலைக்குப் பட்டியலே இல்லையென்றால் நீங்களே தேர்வு செய்யலாம், தகுதியும் காப்பீடும் விதிப்படி இருக்க வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி உரிமையாளர் அப்போதும் மறுக்கலாம். பட்டியல் உண்டா என்று விண்ணப்பத்துக்கு முன்பே எழுதிக் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

தகராறு வந்தால்

எங்கே போவது என்பதும் முதல் இரண்டு கேள்விகளின் விடையைப் பொறுத்ததே. தனியார் கம்பம், சான்று கொடுக்காத மாநிலம் என்றால் எஃப்.சி.சி.யிடம் புகார். இடம் மறுத்த புகாரை 180 நாட்களில் முடிக்க அது இலக்கு வைத்திருக்கிறது. சான்று கொடுத்த மாநிலத்தில் அந்த மாநில ஆணையம். நகர விதியே செல்லாது என்பது பிரச்சினை என்றால் நீதிமன்றம்.

புகாருக்கு முன் இரு தரப்பு உயர் அதிகாரிகள் பேசித் தீர்க்க முயன்றதைக் காட்ட வேண்டும். தொலைபேசியில் பேசினால் அன்றே மின்னஞ்சலில் சுருக்கம் அனுப்புங்கள். ஒவ்வொரு கம்பத்துக்கும் எண், படம், அளவுகள், விண்ணப்பம் போன நாள், பதில் வந்த நாள், மறுத்த காரணம் அப்படியே அவர்கள் வார்த்தையில், இத்தனையும் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். ‘இடம் இல்லை’ என்று பொத்தாம் பொதுவாக மறுத்திருந்தால், எந்தக் கம்பத்தில், எத்தனை அங்குலம் குறைகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் அநியாயமான ஷரத்து இருந்தால் கையெழுத்திடாமல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்திட்டுக் கம்பத்தில் ஏறிவிட்டு, பிறகு அந்த ஷரத்தை எதிர்த்துப் புகார் செய்ய எஃப்.சி.சி. நடைமுறை இடம் தருகிறது. எந்த ஷரத்தை ஏற்கவில்லை என்பதைக் கையெழுத்திடும் முன்பே கடிதத்தில் பதிவு செய்துவிடுங்கள்.