வாழைப்பழத்திலிருந்து டிஎன்ஏ எடுக்க ஒரு டம்ளரும் ஈர்க்குச்சியும் போதும்

பள்ளிக்கூடத்தில் டிஎன்ஏ, அதாவது செல்லுக்குள் இருக்கும் மரபுப் பொருள், என்றால் முறுக்கிவிட்ட நூலேணி மாதிரி ஒரு படம், பக்கத்தில் அடினைன், தைமின் என்று நாலு பெயர், ஐந்து மார்க். அதைக் கண்ணால் பார்க்கலாம், குச்சியில் சுற்றி எடுக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போன கோடை லீவில் அக்கா பையனை உட்கார வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்து பார்த்தேன், இரண்டு தடவை சொதப்பி மூன்றாவது தடவைதான் வந்தது. நீங்கள் நேரே மூன்றாவது தடவைக்குப் போய்விடலாம்.

சமையலறையில் ஆராய்ச்சியா என்று சிரிக்க வேண்டாம். 1869-இல் சுவிஸ் விஞ்ஞானி ஃபிரெடரிக் மீஷர் இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஜெர்மனியின் டூபிங்கன் கோட்டையில், முன்பு சமையலறையாக இருந்த அறையில்தான். அவர் எடுத்தது பழத்திலிருந்து இல்லை, ஆஸ்பத்திரியில் கழற்றிப் போட்ட கட்டுத்துணிகளில் ஊறியிருந்த சீழிலிருந்து. சீழ் முழுக்க வெள்ளை அணுக்கள், அதனால் அவருக்கு வசதி. நமக்கு வாழைப்பழமே போதும்.

நன்றாகக் கனிந்த பூவனோ ரஸ்தாளியோ பாதிப் பழம், உப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட், பழைய வேட்டித் துணி, உயரமான கண்ணாடி டம்ளர், ஒரு ஈர்க்குச்சி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் (ஆல்கஹால்தான்) ஒரு சின்ன பாட்டில். ஸ்பிரிட்டை முதல் வேலையாக மூடியை இறுக்கி மூடி, ஐஸ் கட்டியும் உப்பும் போட்ட கிண்ணத்தில் அரைமணி நேரம் புதைத்து வையுங்கள். அது குப்பென்று தீப்பிடிக்கும் சாமான், ஆகவே அடுப்பு அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஸ்பிரிட் ஊற்றும் வேலை பெரியவர் கையில் இருக்க வேண்டும். வாய்க்குள் போகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை வெளியே தள்ளிவிட்டு, விரலால் பிசையுங்கள். முதல் தடவை நான் மிக்ஸியில் போட்டு ஓட்டினேன், அது தப்பு. நாம் தேடுவது மெல்லிசான நீள இழை, பிளேடு சுற்றினால் அது துண்டு துண்டாகிவிடும், அப்புறம் குச்சியில் எதுவும் சுற்றாது. செல் சுவர் உடைய கைப்பிசைவே போதும், கனிந்த பழத்தில் அந்தச் சுவர் பாதி தானாகவே தளர்ந்திருக்கும்.

அரை டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் லிக்விட் விட்டு நுரை எழாமல் மெதுவாகக் கலக்கி, கவருக்குள் ஊற்றி, இன்னும் இரண்டு நிமிடம் உருட்டுங்கள். எண்ணெய்த் தட்டில் லிக்விட் என்ன செய்கிறதோ அதையேதான் இங்கேயும் செய்கிறது. செல்லைச் சுற்றியும் அதன் உட்கருவைச் சுற்றியும் இருக்கும் சவ்வு அடிப்படையில் கொழுப்பு, சோப்பு பட்டால் கரைந்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். உப்பின் வேலை வேறு. டிஎன்ஏ இழை முழுக்க பாஸ்பேட், எல்லாம் எதிர்மின்சுமை, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பிலிருந்து வரும் சோடியம் நடுவில் புகுந்து அந்தத் தள்ளுமுள்ளை அடக்கினால்தான் இழைகள் பின்னால் ஒன்றுகூடித் திரளும். உப்பு போட மறந்தால் கடைசியில் ஸ்பிரிட்டை எவ்வளவு ஊற்றினாலும் ஒழுங்காகத் திரளாது.

கவரைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் மிதக்க விடுங்கள், கை பொறுக்காத சூடு, ஆனால் கொதி கூடாது. டிஎன்ஏவை வெட்டித் தின்னும் நொதிகள் பழத்திலேயே உண்டு, அவை இந்தச் சூட்டில் அடங்கும். பிறகு ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பிழியாதீர்கள். அவசரப்பட்டுப் பிழிந்தால் சக்கையும் சேர்ந்து இறங்கி டம்ளர் கலங்கிப்போகும். வடிந்த நீர் இரண்டு விரல் உயரம் இருந்தால் தாராளம்.

இப்போது வருவதுதான் முக்கியமான இடம். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, குளிர்ந்த ஸ்பிரிட்டை உள்பக்கச் சுவர் வழியாக, பாயசத்தில் நெய் விடுகிற மாதிரி மெல்ல வழிய விடுங்கள், கீழே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அது கலங்காமல் மேலே தனியாக நிற்க வேண்டும். ஊற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், ஆட்டக் கூடாது, கலக்கக் கூடாது. என் இரண்டாவது சொதப்பல் இங்கேதான், ஸ்பிரிட்டுக்குப் பதில் வீட்டில் கிடந்த சானிடைசர் ஜெல்லை ஊற்றி வழவழவென்று ஒரு கூழைத்தான் கிண்டினேன்.

ஒரு நிமிடத்தில் இரண்டு திரவமும் சந்திக்கும் கோட்டில் புகை மாதிரி ஒரு வெண்மை படரும். அப்புறம் அதிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழிகளோடு நூல்கள் மேலே எழும்பும். பார்க்க அழகு என்று சொல்லமாட்டேன், மூக்குச்சளி மாதிரிதான் இருக்கும். டிஎன்ஏ தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது, அதனால்தான் எல்லைக் கோட்டிலேயே திரண்டு நிற்கிறது. ஐந்து நிமிடம் விட்டு, ஈர்க்குச்சியை இறக்கி ஒரே திசையில் மெதுவாகச் சுழற்றினால் நூல் சுற்றிக்கொண்டு வரும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குச்சியில் இருப்பது சுத்தமான டிஎன்ஏ இல்லை. பழத்தில் பெக்டின் என்ற கூழ்ப்பொருள் நிறைய, அதுவும் ஆல்கஹாலில் திரளும். குச்சியில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடும் ஜெல்லித் துண்டுகள் பெரும்பாலும் அதுதான். புரதமும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், வடிகட்டிய நீரில் இரண்டு சொட்டு பச்சை அன்னாசிச் சாறு விட்டுச் சில நிமிடம் வைத்தால் அதிலுள்ள புரோமலெய்ன் என்ற நொதி புரதத்தை வெட்டிக் குறைக்கும். இதோடு, இழையின் தடிமன் 2 நானோமீட்டர்தான் என்பதால் ஏணிப்படியெல்லாம் தெரியாது. நாம் பார்ப்பது எத்தனையோ செல்களின் இழைகள் சேர்ந்த சிக்கு.

வாழைப்பழத்தில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. செல்லுக்குள் டிஎன்ஏ சுருண்டிருக்கும் கட்டுகள்தான் குரோமோசோம்கள், நமக்கு அவை இரண்டு தொகுதி, பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாம் மூன்று தொகுதி கொண்ட மும்மய ரகங்கள், தொகுதிக்கு 11 வீதம் 33. மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாததால் விதை உருவாவது தடுமாறுகிறது, அதனால்தான் பழத்துக்குள் வெறும் கறுப்புப் புள்ளிகள். பக்கக்கன்றை எடுத்து நட்டே தலைமுறை ஓடுகிறது. வாழையடி வாழை என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, மரபியல்படி பார்த்தால் அது குளோனிங்.

பழம் சரிப்பட்டுவிட்டால் அடுத்து உங்கள் சொந்தச் சரக்கு. உப்புத் தண்ணீர் ஒரு மடக்கு வாயில் வைத்துக் கன்னத்தின் உள்பக்கத்தை நாக்கால் நன்றாகத் தேய்த்தபடி ஒரு நிமிடம் கொப்பளித்து டம்ளரில் துப்புங்கள், நான்கு சொட்டு லிக்விட் விட்டு மெதுவாக அசைத்து, அதே மாதிரி குளிர்ந்த ஸ்பிரிட். நூல் குறைவாகத்தான் வரும், ஆனால் அது உங்களுடையது. அக்கா பையன் தன்னுடையதை ஸ்பிரிட்டோடு ஊசி மருந்துக் குப்பியில் அடைத்து, மேலே பெயர் எழுதிய சீட்டு ஒட்டி வைத்திருக்கிறான். மூடி இறுக்கமாக இருந்தால் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும், மிச்சத்தை நிறையத் தண்ணீர் விட்டு சிங்க்கில் ஊற்றிவிடலாம்.