பின்கால்தான் இடறும்: வயதான அம்மா அப்பாவோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

அம்மாவை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அவருக்கு 78 வயது. விசா, சீனி வருத்தத்துக்கான குளிசை, நுளம்புக்கு மருந்து என்று எல்லாவற்றையும் எழுதிவைத்துச் சரிபார்த்த எனக்கு ஒரு விஷயம் மட்டும் தோன்றவில்லை. அம்மா இருபது வருடமாகப் படி ஏறாமலே வாழ்ந்துவிட்டார். ரொறன்ரோவில் மாடிக்கு லிஃப்ட், கடை வாசல் தரைமட்டம், நடைபாதை முனையில் சரிவு. காலைத் தூக்கி வைக்கும் வேலையே இல்லை. ஊரிலோ வாசலுக்கு வாசல் அதுதான் வேலை.

மூன்றாம் நாள் பெரியம்மா வீட்டுப் படலையில் விழுந்தார். மாரி வெள்ளம் உள்ளே வராமலிருக்கப் படலையின் கீழே அரையடிக்குச் சீமெந்துக் கட்டு. வலது காலை நன்றாகத் தூக்கித்தான் வைத்தார். வைத்த கையோடு முற்றத்தில் நின்ற பெரியம்மாவைப் பார்த்து "அக்கா!" என்றார். பின்னால் வந்த இடது கால் அந்தக் கட்டோடு தட்டியது. நல்லவேளை, முழங்கால் உரஞ்சியதோடு போயிற்று. "எனக்குத் தெரியாத படலையே? நான் ஓடித் திரிஞ்ச வளவு" என்று எழும்பும்போதே எங்களோடு கோபம். தெரிந்த வளவு என்பதால்தான் அவர் குனிந்து பார்க்கவில்லை.

சாதாரணமாக நடக்கும்போதே கால் நுனிக்கும் தரைக்கும் இடையில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்தான் இருக்கும். வயது போகப் போக எட்டு வைக்கும் தூரம் குறுகும், வேகம் குறையும், இரண்டு காலும் தரையில் நிற்கும் நேரம் கூடும். காலைத் தூக்கும் உயரமும் ஒரு எட்டுக்கு ஒரு எட்டு மாறும். பத்துத் தரம் சரியாகத் தூக்கிய கால் பதினோராம் தரம் பதிந்துவிடும். தடையைத் தாண்டும்போது முன்காலைக் கண் பார்க்கிறது. பின்காலை யாரும் பார்ப்பதில்லை. கட்டு எவ்வளவு உயரம் என்ற ஞாபகத்தில்தான் அது வருகிறது. அந்த நேரத்தில் கூப்பிட்டாலோ கதை கொடுத்தாலோ அந்த ஞாபகம் கலைந்துவிடும். தடுமாறக்கூடிய முதியவர்கள் கால் தரையில் பதியுமுன்பே அடுத்த இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்பதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே வாசலில் நின்று "வாங்கோ வாங்கோ" என்று வரவேற்கும் சொந்தங்களிடம் முதலே சொல்லிவையுங்கள்: இரண்டு காலும் உள்ளே வந்த பிறகு கட்டிப்பிடிக்கலாம்.

அடுத்தது கண்ணாடி. தூரத்துக்கும் வாசிப்புக்கும் ஒரே கண்ணாடி போடுகிறவர்கள் குனிந்து படியைப் பார்த்தால், கீழ்ப்பாதியிலுள்ள வாசிப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள். படியின் விளிம்பு கலங்கித் தெரியும். வெளியே நடக்கத் தூரப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி செய்துகொண்டு போவது நல்லது. அது நாங்கள் செய்த உருப்படியான செலவு.

புறப்படுவதற்கு ஆறு, ஏழு கிழமை முன்பே பழகத் தொடங்குங்கள். குசினி மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தரையில் சுருட்டி வைத்த துவாயை முன்னுக்கும் பக்கவாட்டிலும் தாண்டினால் போதும். சுகமாக வந்தால் துவாயை இரண்டாக மடித்து உயர்த்தலாம். கதிரையில் கை ஊன்றாமல் எழும்பி இருப்பதும் அதே அளவு முக்கியம். முன்பு விழுந்தவர்கள், நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் குடும்ப வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவேண்டும்.

கோயில் தனிக்கதை. நிலைப்படியை மிதிக்கக்கூடாது, தாண்டித்தான் போகவேண்டும் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். சப்பாத்தும் இல்லை, கைத்தடியையும் வெளியே விடப் பார்ப்பார்கள். விடவேண்டாம், அடி ரப்பரைத் துடைத்துவிட்டு உள்ளே கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். படி உயரமென்றால் நின்று தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தேவையானால் மிதித்தே ஏறட்டும். கந்தசுவாமியார் கோபிக்கமாட்டார். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வாகனங்கள் தூரத்திலேயே நின்றுவிடும், வீதியில் மணல் பரப்பியிருக்கும். மணலில் கால் புதையும், ஒவ்வொரு எட்டுக்கும் கூடத் தூக்கவேண்டும். தேர், தீர்த்தம் வேண்டாம். சனம் குறைந்த சாதாரண நாளில், வெயில் ஏறுமுன் போங்கள். கீரிமலைக் கேணிப் படிகள் ஈரத்தில் வழுக்கும், மேலே நின்று பார்த்தாலே போதும். நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏறும்போதும் அவசரப்படுத்த விடாதீர்கள். இறங்குதுறை அசையாது, படகு அசையும்.

கை கொடுக்கும் முறையும் ஒன்றிருக்கிறது. அவர் கையை நீங்கள் பிடிக்காதீர்கள், உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடிக்கட்டும். நீங்கள் இழுத்தால் அவர் சமநிலை போய்விடும். அவர் பிடித்தால் எவ்வளவு பாரம் வைப்பது என்பது அவர் கையில். அரை எட்டு முன்னால் போய், "இதிலை ஒரு படி, மேலே" என்று சொல்லிவிட்டு, பின்காலும் வந்து சேரும்வரை வாயை மூடிக்கொள்ளுங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறக்கி நடக்கவிடவேண்டும். இறங்கியதும் ஒரு நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், வெக்கையில் தண்ணீர் குறைந்த உடம்புக்கு எழும்பியவுடன் தலை சுற்றும். வானின் படி உயரம், ஆகையால் ஒரு சின்ன முக்காலி ஏற்றிக்கொள்ளுங்கள். எங்கள் முக்காலி பிறகு குளியலறை வாசலுக்கும் உதவியது.

வீட்டில் பார்க்க வேண்டியது குளியலறையும் கிணற்றடியும். தண்ணீர் வெளியே வராமல் கட்டிய நாலங்குலக் கட்டின் மேல் வெள்ளை ரேப் ஒட்டிவிடுங்கள். சீமெந்தும் சீமெந்தும் ஒரே நிறம், வயதான கண்ணுக்கு விளிம்பு பிரிந்து தெரியாது. இரவில் தலைமாட்டில் ரோச் இருக்கட்டும், கரண்ட் போகும். வீட்டுக்குள் போட லூசான ரப்பர் செருப்பு வேண்டாம். குதியில் பட்டி உள்ளதாகக் கொண்டுபோங்கள்.

விழுந்துவிட்டால் உடனே தூக்காதீர்கள். எங்கே நோகிறது என்று கேட்டு, அவராக அசைக்கட்டும். எழும்பிக் காலூன்ற முடியாவிட்டாலோ, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டாலோ, நன்றாகக் கதைத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். இலங்கை முழுக்க 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அந்த இலக்கத்தை அம்மாவின் போனிலும் பெரியம்மாவின் போனிலும் போட்டுவைத்தேன். படலைக் கட்டுக்குப் பெரியம்மா பிறகு மஞ்சள் பெயின்ற் அடித்துவிட்டார், வளவின் அழகு கெட்டுப்போச்சு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.