பெட்லிங்டன் டெரியரும் செப்புக் குடமும்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

ஆட்டுக்குட்டி போன்ற முகமும் சற்றே வளைந்த முதுகும் கொண்ட பெட்லிங்டன் டெரியர், இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துப் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் எலி பிடிப்பதற்காக வளர்த்த இனம். தருமபுரியில் எங்கள் வீட்டுக்கு அது வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் எல்லா நாய்களுக்கும் பொது என்பதால், இந்த இனத்துக்கே உரியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதல் படி, குட்டியை வாங்கும் முன் தாய், தகப்பன் இரண்டின் மரபணுச் சோதனைச் சான்றையும் கேட்டு வாங்குவது. இந்த இனத்தின் சில நாய்களில் காம்டி1 என்னும் மரபணுவின் ஒரு பகுதி இருக்காது. இக்குறை 2002-இல் கண்டறியப்பட்டது. அது இரு பெற்றோரிடமிருந்தும் வந்த குட்டியால் உணவில் உள்ள செம்பைப் பித்தநீர் வழியே சரிவர வெளியேற்ற முடியாததால், செம்பு கல்லீரலிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கிவிடும்.

இரண்டாம் படி தண்ணீரும் தீனியும். நாங்கள் தவறியது இங்கேதான். ஒகேனக்கல் தண்ணீரை இரவில் செப்புக் குடத்தில் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது எங்கள் வழக்கம். அதையே நாயின் கிண்ணத்திலும் ஊற்றினோம், ஞாயிறுதோறும் ஆட்டீரலும் வேகவைத்துக் கொடுத்தோம். இரண்டாம் ஆண்டில் அது தீனியை முகர்ந்துவிட்டு விலகியது. விடியற்காலையில் மஞ்சளாக வாந்தி எடுத்தது. இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி என்னும் நொதியின் அளவு உயர்ந்திருந்தது. காரணம் செம்புதான் என்பது கல்லீரல் திசுவை எடுத்துச் சோதித்த பிறகே உறுதியானது. அன்று குடத்தின் கழுத்துக்குள் விரலை ஓட்டிப் பார்த்தேன். நகக்கண்ணில் பச்சைக் களிம்பு ஒட்டியிருந்தது. மூலக் காரணம் மரபணுதான் என்றாலும், அதன் மேல் நாமும் செம்பைச் சேர்க்கக் கூடாது. ஆகவே தண்ணீருக்கு எவர்சில்வர் கிண்ணம். ஆட்டீரல், நிலக்கடலை, எள், முந்திரி ஆகியவை அறவே வேண்டாம். சோறு, முட்டை, தோல் நீக்கிய கோழிக்கறி போதும். குடல் செம்பை உறிஞ்சுவதைக் குறைக்கும் துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

மூன்றாம் படி முடி. பெட்லிங்டனுக்கு முடி அதிகம் கொட்டாது. உதிர வேண்டிய முடி உள்ளேயே சிக்கிக் கம்பளிபோல் திரண்டுவிடும். வாரம் இருமுறை, தோல் வரை இறங்கும் இரும்புச் சீப்பால் சீவுங்கள். மென்மையான பிரஷ் மேல்முடியை மட்டுமே அழகாக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தரித்தால் போதும். மே மாத வெயிலுக்கு அஞ்சித் தோல் தெரிய மழிக்காதீர்கள். சீவும்போதே காது மடலின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: உண்ணியும் அகப்படும், மஞ்சள் நிறம் தட்டியிருந்தால் அதுவும் தெரியும்.

வீட்டுக்குள் இவ்வளவு சாதுவான நாயை நான் பார்த்ததில்லை. வெளியே ஒரு கோழி ஓடினால் போதும், கூப்பிடும் குரல் அதன் காதில் விழாது. திறந்தவெளியில் வாரை அவிழ்க்காதீர்கள்.

பிற்சேர்க்கை: கேழ்வரகுக் களி தினமும் கொடுக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அரிசியைவிடக் கேழ்வரகில் செம்பு கூடுதல் என்பதால், செம்பு தேங்கும் நாய்க்கு நான் கொடுப்பதில்லை. இன்னொருவர் தம் நாய்க்குக் கொடுத்துவந்த சத்து டானிக்கின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் காப்பர் சல்பேட் இருந்தது. எந்தப் புட்டியையும் திறக்கும் முன் அந்தச் சிறிய எழுத்துகளைப் படித்துவிடுங்கள்.